தப்பான கரையில் இறங்கிய வீடு

என் கண்ணான எலோயிசா,

இங்கே மழை தொடங்கிவிட்டது. இருந்தும் சளி, இருமல் எதுவும் இல்லாமல் உன் அம்மா தெம்பாக இருக்கிறேன். நீயும் லைப்சிக்கில் வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படித்துக்கொண்டிருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். கையால் எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. கூரையிலிருந்து கழற்றிய டிஷ்ஷை இன்னும் திருப்பி மாட்டவில்லை, வீட்டில் இணையம் இல்லை, அவ்வளவுதான். வேலைக்காகத் தினமும் படகில் பள்ளிக்கூடம் வரை போய் வருகிறேன். ஆனால் அங்கே உட்கார்ந்து உனக்கு நீளமாக எழுத முடியாது. சமையற்கட்டுப் பெண்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, யாருக்கு, புது மாப்பிள்ளைக்கா என்று கேட்பார்கள், எனக்கு அதெல்லாம் கூச்சம். எலியாசார் என்கிற படகுக்காரர் நாளை ஊருக்குப் போகும்போது இதைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன். ஜூலையில் பரீட்சை முடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு, என்னைப் போலவே தனியாக ஒப்பந்தம் எடுத்து நிரல் எழுதிக்கொண்டே நாடு நாடாகப் போகப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். எந்தப் பை நல்லது, எந்த ஊரில் மின்சாரம் அடிக்கடி போகும், காப்பீடு எங்கே எடுப்பது என்றெல்லாம் கேட்டிருந்தாய். பதில் சொல்கிறேன், ஆனால் முதலில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் எனக்கு வேறெதுவும் எழுத வரவில்லை. பதினேழு வயதில் உன்னைப் பெற்று, உன்னை மடியில் போட்டுக்கொண்டு கணினி கற்றுக்கொண்டவள் நான். நீ படிக்கப் பறந்துபோன அதே வாரம் நம் பாய்சந்தூ வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் கிளம்பினேன். பெருவில் ஏழு மாதம், ஈக்வடாரில் ஐந்து, மெக்சிகோவில் ஒரு வருடம், இந்த சிலோயே தீவுகளில் பதினோரு மாதம். இத்தனை நாளில் என்னை வாயடைக்க வைத்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

நான் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் வீடு நோல்பெர்தோவுடையது. அவர் சிப்பி வளர்க்கும் மிதவைகளில் வேலை பார்க்கிறார். மனைவி திக்னா பள்ளிக்கூடத்துச் சமையலறையைக் கவனிக்கிறாள், எனக்கு நாலைந்து வயது மூத்தவள். வீட்டுக்குப் பின்னால் கரை இடிந்துகொண்டே வருவதை உனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். போன குளிர்காலத்தில் வேலி போனது, ஆகஸ்டில் கோழிக்கூடு போனது, இந்தக் குளிரில் வீடு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தீவுகளுக்கு நடுவே ஓடும் கடற்கால்வாயின் அக்கரையில் திக்னாவின் அண்ணன் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். புது வீடு கட்ட அவர்களுக்கு வழியில்லை. ஆகவே இருக்கிற வீட்டையே, இரண்டு மாடியோடு, மரச் சுவரோடு, தண்ணீரில் மிதக்க விட்டு இழுத்துக்கொண்டு போவதென்று முடிவானது. உடைந்தால் அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. கடல் அந்த அளவுக்கு ஏறி வருவது மாதத்தில் ஓரிரு நாள்தான், திங்கட்கிழமைக்கு வடக்குக் காற்று என்று அறிவிப்பு வேறு வந்துவிட்டது. ஞாயிறு ஒன்றுதான் மிச்சம்.

இதற்கு இங்கே மிங்கா என்று பெயர், கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிற காரியமில்லை. வீட்டுக்காரரும் மனைவியும் சிச்சா என்கிற ஆப்பிள் கள் பாட்டிலோடு ஒவ்வொரு வாசலுக்கும் நடந்து போய், தொப்பியைக் கழற்றி, எங்கள் வீட்டை நகர்த்த வருவீர்களா என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் வருவார். என்றைக்காவது அவருக்குத் தேவைப்படும்போது அந்த ஒரு நாளை நீ திருப்பித் தர வேண்டும். கேட்காத வீட்டிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள், அடுத்த வேலியாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரம் இவர்கள் இருவரும் நடந்து நூற்று நாற்பது பேரைக் கேட்டார்கள். கடைசியாக என் அறைக்கு வந்த திக்னா, "ஏய் உருகுவேக்காரி, உனக்குக் கயிறெல்லாம் வேணாம், கையக் கிழிச்சுப்ப. யாரு எத்தன மணிக்கு எங்க வரணும்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. உன் பொட்டிய வெச்சு ஏதாச்சும் பண்ணித் தொலையேன்" என்றாள். அதுவே எனக்கு அழைப்பு. ஒரு பிற்பகலில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். அவரவர் பெயர், கொண்டுவர வேண்டியது மாடா கயிறா படகா, வந்து நிற்க வேண்டிய நேரம், இடம், எல்லாம் அவரவர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

சனிக்கிழமையே ஜன்னல்களையும் என் டிஷ்ஷையும் கழற்றி, அடுப்பை இறக்கி, உள்ளே குறுக்கும் நெடுக்கும் உத்திரம் கொடுத்து, அடியில் இரண்டு பெரிய சறுக்குக் கட்டைகளைச் செருகி, பதினான்கு ஜோடி மாடுகளைப் பூட்டி வீட்டைக் கடற்கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். சுற்றிலும் காலிப் பீப்பாய்கள் கட்டினார்கள். ஞாயிறு மத்தியானம் தண்ணீர் வந்தது. எலோயிசா, அதை எப்படிச் சொல்வது? முதலில் கட்டைகள் நனைந்தன. பிறகு வாசற்படி. நான் தினமும் மிதித்து ஏறிய படி அது, பச்சைத் தண்ணீருக்குள் அது தெரிந்தது. வீடு ஒரு முறை முனகியது, மரத்துக்குள்ளிருந்து வரும் சத்தம், மாடிப்படியில் யாரோ இறங்குவது போல. அப்புறம் சத்தம் நின்றது. பார்த்தால் வீட்டுக்கும் பூமிக்கும் நடுவே தண்ணீர். முன்னூறு ஆணி அடித்து நின்றிருந்த ஒன்று, உறங்கும் பிள்ளை புரள்வதுபோல் லேசாக ஒரு பக்கம் திரும்பியது. என் மாடியறை ஜன்னல் ஓட்டை மெதுவாக நகர்ந்து என்னைக் கடந்து போனது. என் பக்கத்தில் கயிறு பிடித்திருந்த ஆள், ஆறு வீடு நகர்த்தியவர், இது ஏழாவது, அவர் கண்ணிலும் தண்ணீர். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சத்தமில்லாமல் நடக்குமா என்று எனக்கு ஒரே வியப்பு.

அப்போதுதான் யாரோ கேட்டார்கள், படகுகள் எங்கே என்று. ஒன்றரைக்கு வந்து நிற்க வேண்டிய ஐந்து படகுகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அவை எலியாசாரோடு பக்கத்துத் தீவிலிருந்து வர வேண்டும். வீடு மிதக்கிறது, இழுக்க ஆளில்லை. கரையிலிருந்தவர்கள் எண்பது பேர் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, ஓடப்பார்க்கும் குதிரையைப் பிடித்து நிறுத்துவதுபோல் நின்றோம். இரண்டு பத்துக்குத் தண்ணீர் உச்சிக்கு வந்து நின்றது. இரண்டே காலுக்கு ஒரு பாசித் துணுக்கு தெற்கே நகர்வதைத் திக்னா விரல் நீட்டிக் காட்டினாள். கடல் திரும்பிவிட்டது. இரண்டரைக்குப் படகுகள் முனையைச் சுற்றி வந்தன, அவசரமே இல்லாமல், ஒருவர் கித்தார் வேறு வாசித்துக்கொண்டு.

கரை முழுக்க ஒரே கூச்சல். "வாங்க மாமா, கல்யாணத்துக்கு வந்துட்டீங்களா? பொண்ணு ஓடிப்போச்சு!" "எலியாசாரு, கண்ணு தெரியலயா, கடலு தெரியலயா? நீ மீன் பிடிக்கறியா, இல்ல மீனு உன்னப் பிடிக்குதா?" என்று ஆளாளுக்கு. எலியாசார் முகம் சிவந்து படகிலிருந்து குதித்து, கைபேசியை எல்லோர் மூக்குக்கு நேரேயும் நீட்டினார். "படி! நீயே படி! எலியாசார், அஞ்சு படகு, ரெண்டர மணி. போட்டிருக்கா இல்லையா? தண்ணி அதுக்கு முன்னாடியே நெறஞ்சுருமேன்னு காலையிலயே எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். ஆனா கூப்பிட்டவங்க ஒரு நேரம் சொன்னா நான் ஏன் அதுல மூக்க நுழைக்கணும்? வத்துற தண்ணியோட இழுக்கறதா ஏதோ யோசன வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அதுவும் கம்ப்யூட்டர் அனுப்புது!" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள், யாரும் நேரத்தைப் படிக்கவில்லை. நோல்பெர்தோவுக்கும் அந்தச் செய்தி போயிருந்தது, தன் வீட்டு அழைப்பை யார்தான் படிப்பார்கள்? தூரத்திலிருந்து வந்த மரியாதைக்காரர் மட்டும் படித்திருக்கிறார், அதன்படி நடந்திருக்கிறார்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. என் மடிக்கணினி இரண்டு வருடமாக ஸ்பெயினில் இருக்கிற பில்பாவோவின் நேரத்தில் ஓடுகிறது, வேலை கொடுப்பவர்கள் அங்கே இருப்பதால். கடல் ஏறும் நேரத்தையும் அது அந்த ஊர்க் கணக்கில்தான் காட்டியது, நான் மனதில் ஐந்து மணி கழித்துப் போட்டேன். மார்ச் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள், நான்கு ஐந்தானது, சரிதான். கடிகாரம் மாற்றுகிற வேலை இந்த வருடத்துக்கு முடிந்தது என்று என் மனம் நினைத்துக்கொண்டது. இங்கே ஒரு வாரம் கழித்து, அதுவும் அந்த ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில்தான், ஒரு மணி பின்னே தள்ளுகிறார்கள் என்பது நினைவில் இல்லை. ஐந்து அல்ல, ஆறு. நம் உருகுவேயில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. ஒரே நேரத்தில் மூன்று நாட்டு நேரத்தில் வாழ்கிற என்னைப் போன்றவளுக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்ய வரும், கரையில் நின்ற வேறு யாருக்கும் வந்திருக்காது. உனக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ பெரியவள். அந்த இடத்தில் ஒரு கணம் சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றியது. கைபேசி நிறுவனத்தில் ஏதோ கோளாறு என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அடுத்த வாரம் அரெகிப்பாவுக்குப் பயணச்சீட்டு கையில் இருந்தது. போய்விட்டால் எனக்கும் இந்தக் கரைக்கும் என்ன? ஒப்பந்த வேலையில் இந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், நீயும் பார்ப்பாய். எலியாசாரின் முகத்தைப் பார்த்தேன். எண்பது பேர் முன்னால் மரியாதை போய் நிற்கிற மனிதர். தப்பு என்னுடையது, அவர் சரியாகத்தான் வந்தார் என்று சொன்னேன். குரல் எழும்பவில்லை, இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னேன். கூரை மேல் கொடியோடு உட்கார்ந்திருந்த நோல்பெர்தோ என்னவாம் என்று கேட்க, கித்தார்க்காரர், "உங்க வீடு ஸ்பெயின் டைம்ல போகுதாம்ணே!" என்று கத்தினார். "அப்ப ஸ்பெயினுக்கே இழுத்துட்டுப் போங்கடா!" என்றார் நோல்பெர்தோ. எல்லோரும் சிரித்தார்கள். திக்னா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, கயிற்றை எடுத்துப் படகில் எறிந்தாள்.

இழுத்தார்கள். வற்றும் தண்ணீர் வீட்டைத் தெற்கே தள்ள, ஐந்து படகும் மேற்கே இழுக்க, வீடு இரண்டுக்கும் நடுவே கோணலாகப் போனது. கூரையில் கொடியோடு நோல்பெர்தோ, முகட்டின் மறுகோடியில் ஒரு கடற்பறவை, நான் படகில் திக்னாவுக்குப் பக்கத்தில். அந்தப் பக்கம் மணற்கரையில் மாடுகள், ஆட்கள், சூடான கற்குழியில் வெந்துகொண்டிருந்த குராந்தோ விருந்து, எல்லாம் தெரிந்தன. பிறகு அவை நழுவி வடக்கே போக ஆரம்பித்தன, உண்மையில் நழுவியது நாங்கள்தான். பாறை முனையைத் தாண்டி, அறுநூறு மீட்டர் தள்ளி, வீடு தானாகவே ஒரு கரையைத் தேர்ந்தெடுத்து நின்றது. ஒரு சறுக்குக் கட்டை பாறைப் பலகை மேல் ஏறிக்கொண்டது, மற்றது தண்ணீரில். நீர் இறங்க இறங்க வீடு சாயும், உத்திரங்கள் முறியும், அரை மணி நேரம்கூட இல்லை. மேலே நாற்பது மீட்டரில் சமதரை இருந்தது. எங்கள் மாடுகள் பாறை முனையைச் சுற்றி மேட்டுப் பாதையில் வந்து சேர ஒரு மணி நேரமாகும். சமதரைக்கு மேலே வேலியில் சாய்ந்துகொண்டு, கையைக் கட்டியபடி ஒரு பெண் நின்றாள். திக்னா பெருமூச்சு விட்டு, "போச்சு. நெல்டா" என்றாள்.

நெல்டா திக்னாவுக்குச் சித்தி மகள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஆப்பிள் தோட்டத்துப் பாதையில் யாரோ கம்பி கட்டியதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, கம்பியைக் கட்டியது யார் என்பதில் இன்றைக்கும் இரண்டு கதை இருக்கிறது. நூற்று நாற்பது வாசல் ஏறியவர்கள் அவள் வாசலை மட்டும் ஏறவில்லை. அவள் வீட்டில் இரண்டு ஜோடி மாடு, அடுத்த வீட்டில் அவள் கொழுந்தன் ஓனோஃப்ரேயிடம் மூன்று ஜோடி. நீ கேளேன் என்றேன் திக்னாவிடம். அவள் தலையை ஆட்டினாள். "இப்பக் கேட்டா அது அழைப்பு இல்ல, அவசரம். அவள அவமானப்படுத்தற மாதிரி. வீடே உடஞ்சாலும் நான் அதப் பண்ண மாட்டேன்" என்றாள். அவள் வீம்பில் சொல்லவில்லை, எலோயிசா. எதிரிக்குக்கூட ஒரு மரியாதை வைத்திருந்தாள். அதைக் கேட்டபோது வீடு மிதந்ததைப் பார்த்தபோது வந்த அதே வியப்பு எனக்கு மறுபடி வந்தது. நான் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துக் கரையேறி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேலியடியில் போய் நின்றேன். சிச்சா பாட்டில்கூட என்னிடம் இல்லை.

நெல்டா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான் அந்தக் கம்ப்யூட்டர்க்காரியா? ஈரக் கோழி மாதிரி நிக்கற" என்றாள். நேரத்தைத் தப்பாகப் போட்டது நான், வீடு இங்கே வந்தது என்னால், ஆகவே கேட்பதும் நான்தான், திக்னா அல்ல, என் பேரில் உங்கள் மாடுகளைக் கேட்கிறேன் என்றேன். "உன் பேர்லயா? மாடு வந்தா நீ ஒரு நாள் திருப்பித் தரணும், தெரியுமா? உங்கள மாதிரி ஆளுங்க வருவீங்க, ஜன்னலோரம் உக்காந்து தட்டுவீங்க, ஒரு நாள் பையத் தூக்கிட்டுப் போயிருவீங்க. அப்புறம் உன் நாள நான் எங்க தேடுறது, வானத்துலயா?" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் உருளைக்கிழங்கு வயல், பாதிக்கு மேல் தோண்டாமல் கிடந்தது. இந்த வயல் முடியும்வரை வருகிறேன், எத்தனை நாளானாலும், என்றேன். சட்டென்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாளுக்கு ஒரு நாள்தான்! அதுக்கு மேல தந்தா அது தர்மம். தர்மம் வாங்குற வீடுன்னு நெனச்சியா இத?" என்றாள். கீழே மரம் முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. அதற்குள் தண்ணீரிலிருந்து திக்னாவின் குரல்: "என்னடி, உன் செவல மாடு இன்னும் நொண்டிதானா?" ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது. நெல்டா வேலியிலிருந்து நிமிர்ந்தாள். "உன் வீடே நொண்டிக்கிட்டு நிக்குது, என் மாட்டப் பத்திப் பேச வந்துட்டா! ஓனோஃப்ரே! அடேய் ஓனோஃப்ரே, நுகத்தடிய எடுத்துட்டு வா! இவங்களுக்குக் காட்டுவோம் யாரு மாடு நொண்டின்னு!"

ஐந்து ஜோடி மாடுகள், கயிற்றில் படகுக்காரர்களும் நானும் திக்னாவும். இந்த முறை எனக்குக் கயிறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாடுகள் முன்னங்காலை ஊன்றிக் குனிந்தபோது அவற்றின் மூச்சு புகையாக எழுந்தது, வீடு பாறையிலிருந்து இறங்கி, கரகரவென்று கூழாங்கல் மேல் ஏறி, சமதரைக்கு வந்து நின்றது. ஒரு உத்திரம் மட்டும் முறிந்தது. குராந்தோவைச் சாக்குகளில் கட்டித் தோளில் சுமந்து முனையைத் தாண்டிக் கொண்டுவந்து, நெல்டாவின் வயலோரத்திலேயே எல்லோரும் சாப்பிட்டார்கள், வரப்ப மிதிக்காதீங்கடா என்று அவள் கத்திக்கொண்டே சிப்பியும் இறைச்சியும் தின்றாள். எனக்கு இனி "டோன்யா ஸ்பெயின்", அதாவது ஸ்பெயின் அம்மணி என்று பெயர், குழந்தைகள்வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பத்து வருடமாக நிரல் எழுதுகிறேன். கப்பல் சரக்கு, மருத்துவமனை வரிசை, ரயில் இருக்கை, லட்சம் பேர் உபயோகித்திருப்பார்கள், ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. நான் எழுதிய ஒரு வரி தப்பானால் ஒரு திரையில் சிவப்பாக ஏதோ வரும், திருத்துவேன், முடிந்தது. அன்று நான் எழுதிய ஒரு எண்ணுக்காக ஐந்து படகு கடல் கடந்து வந்தது. அந்த எண் தப்பாக இருந்ததால் ஒரு வீடு வேறு கரைக்குப் போனது. சமதரையில் நின்ற வீட்டைத் தொட்டுப் பார்த்தேன், சுவர் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. என் வேலைக்கு இவ்வளவு எடை உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வீடு இன்னும் அங்கேதான் நிற்கிறது. அடுத்த பெரிய ஏற்றம்வரை ஒரு மாதம். வாசல் நெல்டாவின் சமையலறையைப் பார்க்கிறது. கதவைச் சாத்தி வெச்சுக்கோங்க, உங்க மூஞ்சிய நாள் பூரா பார்க்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள், ஆனால் தன் கதவை அவள் சாத்துவதில்லை. திக்னா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் தட்டில் மில்காவ் என்கிற உருளைக்கிழங்கு அடையை இரண்டாக வைத்துவிட்டுப் போனாள், நான் இரண்டையும் மிச்சமில்லாமல் தின்றேன். பில்பாவோவுக்கு, புதன்கிழமை வேலைக்கு வர மாட்டேன், உருளைக்கிழங்கு தோண்டப் போகிறேன் என்று எழுதினேன், அவர்கள் அதை ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்கிற முகம் ஒன்று அனுப்பினார்கள். இன்றுதான் அந்தப் புதன். காலையிலிருந்து மழையில் தோண்டினேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது. ஊதா, கறுப்பு, ஒன்று பல்லிபோல் வளைந்தது, எத்தனை வகை! சாயங்காலம் நெல்டா என் கூடையை எட்டிப் பார்த்து, என் கொப்புளங்களையும் பார்த்து, "சரி. தீந்துது" என்றாள். நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, என்னமோ கை வெறுமையானது போலிருந்தது.

இனி நீ கேட்டவை. பை எதுவானாலும் சரி, முதுகில் ஏற்றிக்கொண்டு நீயே மாடி ஏற முடிய வேண்டும். காப்பீட்டில் பல் சேர்ந்திருக்கிறதா என்று பார். கணினியின் கடிகாரத்தை நீ தூங்குகிற ஊர் நேரத்தில் வை, வேலை கொடுப்பவர்கள் ஊர் நேரத்துக்கு வேண்டுமானால் மேசையில் இன்னொரு கடிகாரம் வைத்துக்கொள். தப்பு நடந்தால் பிறர் கண்டுபிடிக்கும் முன் நீ சொல்லிவிடு, இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டி வந்தாலும். போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை, நான் எப்படிச் சொல்வேன்? நிறுத்து, யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

வந்தது ஓனோஃப்ரே. தலைமுடி படியச் சீவி, கையில் தொப்பியும் ஒரு பாட்டில் சிச்சாவுமாக, மழையில் வாசலில் நின்றார். நோல்பெர்தோவைக் கூப்பிடட்டுமா என்றேன். இல்லை, உங்களைத்தான் பார்க்க வந்தேன் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "வெள்ளிக்கெழம என் வயல்ல தோண்டறோம். ஆளு பத்தாது. உங்களால வர முடியுமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு." எலோயிசா, எத்தனையோ ஒப்பந்தங்களில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன், யாரும் இப்படித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றதில்லை. என்னைப் போல ஒருத்தியிடம், அதுவும் இந்தக் கையைப் பார்த்த பிறகு! வருகிறேன் என்றேன். சிச்சாவை வாங்கிக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது, அன்று அவர் மாடுகளைக் கூப்பிட்டது நெல்டா, அந்தக் கணக்கு அவர்களுக்குள், ஆகவே நான் போனால் இந்த முறை ஒரு நாள் தர வேண்டியவர் அவர். அதைத் திருப்பி வாங்க நான் இங்கே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அதையெல்லாம் யோசித்து வைத்திருந்தவர்போல், "அதனால என்ன? உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு திக்னா சொன்னாளே. நாளு கெட்டுப்போற சரக்கா? அவ எப்ப வந்து கேக்குறாளோ அப்பக் குடுக்கறேன். நான் இல்லேன்னா எம் மவன் குடுப்பான்" என்றார்.

அரெகிப்பா சீட்டை விட்டுவிட்டேன், வீடு அதன் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை இங்கேதான். நீ எங்கே வேண்டுமானாலும் போ, என் ராஜாத்தி. போகிற ஊரெல்லாம் உனக்கு நல்ல முகங்கள் எதிர்ப்படட்டும், உன் கை செய்ததை உன் கண் ஒரு நாளாவது நேரில் பார்க்கட்டும், உடம்பும் மனசும் உன்னைக் கைவிடாமல் கூட வரட்டும். ஜூலைக்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள், மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து இந்தக் கால்வாய்க் கரையில், ஓனோஃப்ரே என்கிற மனிதரிடம், உன் பேரில் ஒரு நாள் இருக்கும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
நோயெலியா
நெல்டாவின் வேலியோரத்திலிருந்து